வடக்கே வாழ்ந்த பென்குயின்: நான் செய்யவேண்டிய ஒரு திருத்தம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாகப் படியுங்கள்.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி ஐஸ்லாந்து போயிருந்தாள். குடும்பத்தோடு சுற்றுலா. அங்கிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கடலோரப் பாறை மேல் கறுப்பாக ஒரு பறவைச் சிலை. கீழே ஒரு வரி: "சார், பென்குயின் தென்துருவப் பக்கம் மட்டும்தான் இருக்கும், வடக்கே கிடையாதுன்னு சொல்லிக் கொடுத்தீங்களே, இங்க ஒண்ணு நிக்குதே?"

முப்பது வருடம் கழித்தும் வாத்தியாரை மடக்குவதில் ஒரு சந்தோஷம்! உடனே பதில் போட்டேன்: "அது பென்குயின் இல்லை கண்ணு. கிரேட் ஆக் என்ற பறவை. இப்போது உலகத்தில் கிடையாது."

அடுத்த கேள்வி வந்தது. "ஏன் சார் அழிஞ்சுது?"

இங்கேதான் என் விரல் நின்றுவிட்டது. காரணம் சொல்கிறேன்.

நான் சமூக அறிவியல் வாத்தியார் என்றாலும், அறிவியல் ஆசிரியர் விடுப்பில் போனால் அந்த வகுப்பும் என் தலையில்தான் விழும். அப்படி ஒருநாள் 'தக்கன பிழைத்தல்' பாடம் எடுத்தபோது டோடோவையும் இந்தப் பறவையையும் சேர்த்துச் சொன்னேன். "பறக்கத் தெரியாது, தரையில் ஓடத் தெரியாது, மனிதனைக் கண்டால் பயப்படவும் தெரியாது. பிழைக்கத் தெரியாதது அழிந்தது." இதை அப்படியே தேர்வில் எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண்ணும் போட்டேன். அந்த வகுப்பில் இருந்த நாலைந்து பேர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் சொன்னது தவறு. மூன்று வாரம் உட்கார்ந்து படித்த பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். 'பென்குயின்' என்ற சொல்லே இந்த வடக்குப் பறவைக்குத்தான் முதலில் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக்கைக் கடந்த ஆங்கில மாலுமிகள் இதைத்தான் பென்குயின் என்றார்கள். வெல்ஷ் மொழியில் 'வெள்ளைத் தலை' என்று பொருள்படும் சொற்களிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. கொழுப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொரு கருத்து. பின்னாளில் தென்கடலுக்குப் போனவர்கள், அங்கே இதே போல் கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக நின்ற பறவைகளைப் பார்த்து அதே பெயரை வைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. பெயருக்குச் சொந்தக்காரன் போய்விட்டான், பெயர் மட்டும் தெற்கே வாழ்கிறது. ஆகவே, சிலையைப் பென்குயின் என்று சொன்ன மாணவிக்கு அரை மதிப்பெண் தரவேண்டும்.

ஆள் எப்படி இருக்கும்? சுமார் 75 முதல் 85 சென்டிமீட்டர் உயரம், 5 கிலோ எடை. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே பெரிய வெள்ளைப் பொட்டு. இறக்கை ஒரு சாண் நீளம்கூட இல்லை. காற்றில் பறக்க அது உதவாது. ஆனால் தண்ணீருக்குள் அதே இறக்கைதான் துடுப்பு. கடலுக்குள் பாய்ந்து மீன் பிடிப்பதில் இதை மிஞ்ச ஆள் இல்லை. வருடத்தில் பெரும்பகுதி நடுக்கடலிலேயே கழியும். இதைப் போய்ப் 'பிழைக்கத் தெரியாதது' என்று சொன்னேனே, எவ்வளவு பெரிய அபத்தம்! தண்ணீரில் நீந்தத் தெரியாத நான் அந்தத் தீர்ப்பைச் சொன்னேன்.

இது வாழ்ந்த எல்லையைப் பாருங்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்காட்லாந்தின் தீவுகள், நார்வே என்று வட அட்லாண்டிக் முழுக்க. பழைய எலும்புகள் மத்தியதரைக் கடலோரத்திலும், அந்தப் பக்கம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும்கூடக் கிடைத்திருக்கின்றன. நியாண்டர்தால் மனிதர்கள் சுட்டுத் தின்ற எலும்புகள் உண்டு. தெற்கு பிரான்சில் கோஸ்கே என்றொரு குகை. அதன் வாசல் இப்போது கடலுக்கடியில் 37 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதன் சுவரில் பனியுக மனிதர்கள் வரைந்த பறவைகள் இதுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நியூஃபவுண்ட்லாந்தில் போர்ட் ஓ ஷுவா என்ற இடத்தில் சுமார் 4,000 ஆண்டுப் பழைய இடுகாடு ஒன்றைத் தோண்டினார்கள். ஒரு சவக்குழியில் மட்டும் இந்தப் பறவையின் அலகுகள் 200-க்கு மேல் கிடைத்தன. இந்தப் பறவையின் தோலில் தைத்த உடையைப் போர்த்திப் புதைத்திருக்கலாம் என்கிறார்கள்.

அதாவது, மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இதைப் பிடித்துத் தின்றுகொண்டுதான் இருந்தான். அப்போதும் அது அழியவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது குடும்ப வாழ்க்கைக்கு வருவோம். உலவும் கடல் அவ்வளவு பெரிதாக இருந்தாலும், முட்டையிட ஏற்ற இடம் மிகக் கொஞ்சம். பறக்க முடியாததால் செங்குத்துப் பாறை பயன்படாது. கடலிலிருந்து நடந்து ஏறும்படி கரை சரிவாக இருக்கவேண்டும். கரடி, நரி எளிதில் வராதபடி தனித்தீவாக இருக்கவேண்டும். பக்கத்தில் மீன் வேண்டும். இத்தனையும் பொருந்தும் பாறைத்தீவுகள் வட அட்லாண்டிக் முழுக்கத் தேடினாலும் விரல் விட்டு எண்ணும் அளவுதான். கோடையின் தொடக்கத்தில் மொத்தக் கூட்டமும் அந்தச் சில பாறைகளில் வந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும்.

கூடு கட்டாது. வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை. சுமார் 12 சென்டிமீட்டர் நீளம், ஒரு பக்கம் கூம்பிய வடிவம். ஒவ்வொரு முட்டையிலும் கறுப்பும் பழுப்புமாகக் கோடும் புள்ளியும் வேறு வேறு மாதிரி இருக்கும். தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஜோடிக்கு வருடத்துக்கு ஒரு முட்டை. எல்லா முட்டையும் பொரித்து எல்லாக் குஞ்சும் பிழைத்தால்கூட, ஆயிரம் ஜோடிக்கு வருடம் ஆயிரம் குஞ்சுதான். நடைமுறையில் அதில் பாதிகூடத் தேறாது. பெரிய பறவை நீண்ட நாள் வாழும் என்ற நம்பிக்கையில் இயற்கை போட்ட கணக்கு இது. குஞ்சு போனால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். பெரிய பறவைகளே கூட்டம் கூட்டமாகப் போனால் அந்தக் கணக்கில் வரவு வைக்க வழியே இல்லை.

அதுதான் நடந்தது.

நியூஃபவுண்ட்லாந்தின் வடகிழக்குக் கரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி ஃபங்க் தீவு என்றொரு பாறை. ஒரு கிலோமீட்டர் நீளம்கூட இல்லை. இந்தப் பறவையின் மிகப் பெரிய குடியிருப்பு அங்கேதான். 1534-இல் பிரெஞ்சு மாலுமி ழாக் கார்ட்டியே அங்கே போனார். அரை மணி நேரத்துக்குள் இரண்டு படகு நிறையப் பறவைகளை ஏற்றினார்கள் என்று அவருடைய பயணக் குறிப்பு சொல்கிறது. அப்போதே தின்றது போக, பீப்பாய் பீப்பாயாக உப்புப் போட்டும் வைத்தார்கள். அதே குறிப்பில், கரையிலிருந்து அவ்வளவு தூரம் நீந்தி வந்து பறவைகளைத் தின்ற ஒரு வெள்ளைக் கரடியும் வருகிறது. கரடியும் தின்றது, மனிதனும் தின்றான். கரடி மொத்தம் ஒன்று. கப்பல்களோ வருடாவருடம் கூடிக்கொண்டே போயின.

ஏன் இத்தனை கப்பல்? காட் மீன். நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் அந்த மீன் அவ்வளவு கிடைத்தது. ஐரோப்பாவிலிருந்து மாதக்கணக்கில் கடலில் வரும் மீனவர்களுக்கு இறைச்சி வேண்டும். ஃபங்க் தீவில் அது இலவசமாக நடந்து திரிந்தது. படகிலிருந்து கரைக்குப் பலகை போட்டு, பறவைகளை ஆடு ஓட்டுவது போல் ஓட்டி ஏற்றினார்கள் என்று பழைய குறிப்புகளில் இருக்கிறது. முட்டை எடுக்க வந்தவர்கள், தீவில் கிடக்கும் முட்டைகளையெல்லாம் முதலில் மிதித்து உடைத்துவிடுவார்களாம். இரண்டு நாள் கழித்து வந்தால் கிடப்பதெல்லாம் புது முட்டை, அழுகல் இருக்காது என்ற யோசனை. கெட்டிக்காரத்தனம் எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

18-ஆம் நூற்றாண்டில் இறைச்சியோடு இறகுக்கும் கிராக்கி வந்தது. மெத்தைக்கும் தலையணைக்கும் இறகு தேவை. கோடை முழுக்க ஆட்கள் தீவிலேயே தங்கினார்கள். கல்லடுக்கிப் பட்டி கட்டினார்கள். பறவைகளை அதற்குள் ஓட்டி அடித்தார்கள். இறகு சுலபமாகப் பிடுங்க வரவேண்டும் என்று கொதிக்கும் தண்ணீரில் போட்டார்கள். தீவில் ஒரு குச்சி விறகு கிடையாது. அப்படியானால் அடுப்பு எதில் எரிந்தது? பறவையின் உடம்பில் கொழுப்பு அதிகம். கொன்ற பறவையையே விறகாக எரித்து, அடுத்த பறவைக்கு வெந்நீர் வைத்தார்கள்.

இதைப் படித்த இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனேன். உங்கள் டீச்சரம்மா என்னவென்று கேட்டார். சொல்ல மனம் வரவில்லை.

அந்தக் காலத்திலேயே இதைக் கண்டித்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். லாப்ரடாரில் வணிகம் செய்த ஜார்ஜ் கார்ட்ரைட் 1785-இல் தன் நாட்குறிப்பில், இதை நிறுத்தாவிட்டால் இந்த இனமே ஏறக்குறைய இல்லாமல் போய்விடும் என்று எழுதினார். செயின்ட் ஜான்ஸ் நகரில் இறகுக்காகக் கொல்வதைத் தடை செய்து, மீறியவர்களுக்குக் கசையடியும் கொடுத்தார்கள். ஆனால் நடுக்கடல் பாறையில் காவலுக்கு யார் நிற்பது? 1800-ஐ ஒட்டி ஃபங்க் தீவில் ஒன்றும் மிச்சமில்லை.

அட்லாண்டிக்கின் மறுபக்கத்திலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா தீவுக்கூட்டம். சுமார் 1840-இல் அங்கே ஒரு பாறையில் சிலர் இந்தப் பறவை ஒன்றைப் பிடித்துக் கட்டிவைத்தார்கள். மூன்று நாள் கழித்துப் பெரும் புயல் அடித்தது. இது சூனியக்காரி, புயலைக் கொண்டுவந்தது இதுதான் என்று முடிவு கட்டி அடித்தே கொன்றுவிட்டார்கள். பிரிட்டிஷ் தீவுகளில் கடைசியாகப் பார்த்தது அதுதான். ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாகத் திரிந்த பறவை, பார்த்தவர்களுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு அபூர்வமாகிவிட்டிருந்தது.

மிச்சம் இருந்தது ஐஸ்லாந்து. தென்மேற்கே கடலுக்குள் கெய்ர்ஃபூக்லாஸ்கேர் என்று ஒரு பாறை. ஐஸ்லாந்து மொழியில் அதற்கு 'ஆக் பறவைப் பாறை' என்றே பொருள். அலையும் நீரோட்டமும் படகை நெருங்க விடாததால் பறவைகள் அங்கே ஓரளவு தப்பித்திருந்தன. 1830-இல் கடலடி எரிமலைக் கொந்தளிப்பில் அந்தப் பாறை மூழ்கிவிட்டது. தப்பிய பறவைகள் கரைக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும் எல்டேய் என்ற பாறைக்கு வந்தன. அங்கே மனிதன் ஏற முடியும்.

இயற்கை ஒரு அடி கொடுத்தது உண்மைதான். ஆனால் அதற்குள் மற்ற வீடுகளையெல்லாம் நாம் காலி செய்துவிட்டிருந்தோம். பத்து வீடு உள்ளவனுக்கு ஒன்று இடிந்தால் நஷ்டம். ஒன்றே ஒன்று உள்ளவனுக்கு?

இந்தக் கட்டத்தில் புதிதாக ஒருவகை ஆட்கள் வந்தார்கள். பசிக்காரர்களும் இறகு வியாபாரிகளும் இல்லை. படித்தவர்கள். ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களும் பணக்காரச் சேகரிப்பாளர்களும். அரிதாகிவிட்டது என்று தெரிந்ததும், முழுதாகப் போவதற்கு முன் நமக்கு ஒரு தோல், ஒரு முட்டை வேண்டும் என்று விலை ஏற்றினார்கள். அரிதாக அரிதாக விலை ஏறியது, விலை ஏற ஏற இன்னும் அரிதானது.

1844 ஜூன் முதல் வாரம். வியாபாரி ஒருவருக்காக வில்யால்முர் ஹகோனார்சன் தலைமையில் 14 பேர் படகில் எல்டேய்க்குப் போனார்கள். பாறையில் ஏறியவர்கள் யோன் பிராண்ட்சன், சிகுர்துர் இஸ்லெய்ஃப்சன், கெட்டில் கெட்டில்சன். மற்றக் கடற்பறவைகளின் நெரிசலுக்கு நடுவே இரண்டே இரண்டு ஆக் பறவைகள். அவை எதிர்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, சின்ன இறக்கைகளை விரித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் பாறையோரமாக விரைந்து நடந்தன. ஒன்றை யோன் மூலையில் மடக்கினார். இன்னொன்றை விளிம்புக்குப் பக்கத்தில் சிகுர்துர் பிடித்தார். கழுத்தை நெரித்தார்கள். அவை நின்ற இடத்தில் ஒரு முட்டை கிடந்தது. கெட்டில் கையில் எடுத்துப் பார்த்தார். உடைந்திருந்தது. அங்கேயே வைத்துவிட்டார். எல்லாம் சில நிமிட வேலை.

அவர் முட்டையைக் காலால் நசுக்கினார் என்றுதான் பல இடங்களில் படிக்கிறோம். நேரில் போனவர்கள் சொன்ன சாட்சியத்தில் அது இல்லை. கடைசி ஆளின் தலையில் மொத்தப் பழியையும் போடுவது நமக்கு வசதி. முந்நூறு வருடம் தின்றவர்களும் விற்றவர்களும் விலை கொடுத்தவர்களும் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா?

1852-இல் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் கடலில் ஒன்றைப் பார்த்ததாக ஒரு குறிப்பு இருக்கிறது. ஆனால் ஜோடியாக முட்டையோடு பார்த்தது எல்டேயில்தான் கடைசி.

அந்தச் சாட்சியம் நமக்கு எப்படிக் கிடைத்தது? சரித்திர மாணவர்கள் கேட்கவேண்டிய கேள்வி. 1858-இல் ஜான் வூலி, ஆல்ஃப்ரெட் நியூட்டன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் ஐஸ்லாந்து வந்தார்கள். வூலி பெயர்பெற்ற முட்டைச் சேகரிப்பாளர். பறவை இன்னும் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இருவரும் வந்தார்கள். எல்டேய்க்கு எதிர்க்கரையில் ஒரு மீனவ ஊரில் இரண்டு மாதம் காத்திருந்தார்கள். கடல் ஒருநாள்கூட இறங்க விடவில்லை. சும்மா இருக்காமல், 1844-இல் பாறைக்குப் போனவர்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். பறவையைத் தேடி வந்தவர்கள் கையில் ஐந்து நோட்டுப் புத்தகம் மிஞ்சியது. அவை இன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. வூலி அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அவர் எழுதியதைச் சுருக்கி 1861-இல் வெளியிட்டவர் நியூட்டன்.

அந்தக் காலத்தில் ஒரு இனம் அழிவது என்றால், யுகயுகமாக மெதுவாக நடப்பது, மனிதன் கையில் இல்லாதது என்றுதான் அறிஞர்களே பெரும்பாலும் நினைத்தார்கள். இதோ, உயிரோடு இருக்கும் மனிதர்களே, "கடைசியாக நாங்கள்தான் பிடித்தோம்" என்று எதிரில் உட்கார்ந்து சொல்கிறார்கள். நியூட்டன் மனதில் அது தைத்தது. பிறகு கேம்பிரிட்ஜில் விலங்கியல் பேராசிரியரானார். அப்போது இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடலோரத்தில், முட்டையும் குஞ்சுமாக இருக்கும் பருவத்தில் கடற்பறவைகளைப் படகிலிருந்து சுடுவது ஒரு பொழுதுபோக்கு. 1868-இல் ஓர் அறிவியல் மாநாட்டில் அவர் இதைக் கண்டித்துப் பேசினார். உள்ளூர்ப் பாதிரியார்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். கிறிஸ்டோபர் சைக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். 1869-இல் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இனப்பெருக்கக் காலத்தில் கொல்லக்கூடாது என்பதுதான் அதன் சாரம். பறவைகளைக் காக்க வந்த முன்னோடிச் சட்டங்களில் அதுவும் ஒன்று. ஆக் பறவைக்கு 25 வருடம் தாமதம். அதன் சொந்தக்காரப் பறவைகளுக்குச் சரியான நேரம்.

இனி என் திருத்தம். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் 41 ஆக் பறவைகளின் பழைய எலும்புகளிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். மனிதன் பெரிய அளவில் வேட்டையாடத் தொடங்கும் முன்பே இனம் நலிந்துகொண்டு வந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. வேறு காரணமே தேவையில்லை, வேட்டை ஒன்றே இதை அழிக்கப் போதும் என்று கணக்கும் காட்டியது. ஆக, 'பிழைக்கத் தெரியாமல் அழிந்தது' என்ற விடைக்கு நான் போட்ட மதிப்பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். 'அழிந்தது' என்ற சொல்லே தவறு. அழித்தார்கள். வினைச்சொல்லை மாற்றினால் எழுவாய் யார் என்று தெரிந்துவிடும். தமிழாசிரியர்கள் என்னைவிட நன்றாக விளக்குவார்கள்.

இன்று மிஞ்சியிருப்பது உலகம் முழுக்கச் சுமார் 78 பாடம் செய்த தோல்கள், சுமார் 75 முட்டைகள். எல்டேயில் கொன்ற இரண்டின் உள்ளுறுப்புகள் கோபன்ஹேகனில் கண்ணாடிக் குடுவையில் இருக்கின்றன. 1971-இல் லண்டன் ஏலத்தில் ஒரு பாடம் செய்த பறவை விலைக்கு வந்தபோது, ஐஸ்லாந்து மக்கள் நிதி திரட்டி 9,000 பவுன் கொடுத்து வாங்கிப் போனார்கள்.

ஃபங்க் தீவு இப்போது பாதுகாக்கப்பட்ட இடம். அனுமதியில்லாமல் யாரும் காலடி வைக்க முடியாது. ஆக்கின் உறவான மர்ர் பறவைகள் அங்கே லட்சக்கணக்கில் நிற்கின்றன. அவையும் வெறும் பாறையில் ஒரே முட்டை இடுபவைதான். அந்த மொட்டைப் பாறையில் ஒரு பகுதியில் மட்டும் மண் இருக்கிறது. கொன்று குவித்த ஆக் பறவைகளின் உடல்கள் மக்கி உண்டான மண். அதில் பஃபின் பறவைகள் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன. தோண்டும்போது பழைய ஆக் எலும்புகள் மேலே வருகின்றன.

இந்த உறவுக்காரப் பறவைகளுக்கு இன்று தடியும் பட்டியும் பயமில்லை. மீன்வலையில் சிக்குவதும், எண்ணெய்க் கசிவும், கடல் சூடாகி இரை மீன் இல்லாமல் போவதும்தான் பயம். 2014 முதல் 2016 வரை வட பசிபிக்கில் வீசிய கடல் வெப்ப அலையில், அலாஸ்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் மர்ர் பறவைகள் இறந்தன. அங்கிருந்த மொத்தத்தில் ஏறக்குறையப் பாதி. யாரும் கையால் அடிக்கவில்லை. இப்போதும் கணக்கு அதே கணக்குத்தான், வருடத்துக்கு ஒரு முட்டை. இவையும் போனபின் நம் பேரப்பிள்ளைகளின் வாத்தியார், "சூட்டைத் தாங்கத் தெரியாததால் அழிந்தது" என்று சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது.

படம் அனுப்பிய மாணவிக்கு: அந்தச் சிலையைச் செய்தவர் டாட் மெக்ரெய்ன் என்ற அமெரிக்கச் சிற்பி. இதே பறவைக்கு இன்னொரு சிலை நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் ஃபோகோ தீவில், ஃபங்க் தீவை நோக்கி நிற்கிறது. நீ பார்த்த சிலை கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது அல்லவா? அந்தத் திசையில் தூரத்தில் தெரிவதுதான் எல்டேய். நீ எடுத்த மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். இடது ஓரத்தில் அந்தப் பாறை விழுந்திருக்கிறது.

 எல்லோரும் நலமாக இருங்கள். எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். கண் முன்னைப் போல் இல்லை.